பட்டேல் ஷாட், அடிமை ஷாட், சங்கம் ஷாட்

ஊருக்குள் வரும் கேமராவிடம் சங்கம் கேட்க வேண்டியவை

இப்போதெல்லாம் கேமரா இல்லாமல் யாரும் ஊருக்குள் வருவதில்லை. விதைத் திருவிழா நடத்தினால் நாலு பேர் வீடியோ எடுக்கிறார்கள். பூங்கார் கதிரைக் கையில் பிடித்து நின்றால் ஒரு போட்டோ, மண்புழு உரக்குழி ஓரமா நின்றால் ஒரு போட்டோ. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம் பக்கம் போனால் இன்னும் அதிகம். கோயில் பார்க்க வந்தவர்கள் அப்படியே தறி வீட்டுக்குள் எட்டிப் பார்த்து, "அண்ணே, ஒரு நிமிஷம் தறியில உக்காந்து ஓட்டுங்களேன்" என்று கேட்டுப் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள்.

இதில் புதிதாக ஒரு வகை சேர்ந்திருக்கிறது. பல்கலைக்கழகத்திலிருந்தோ தொண்டு நிறுவனத்திலிருந்தோ ஒரு குழு வருகிறது. "நாங்க எடுக்க மாட்டோம்மா, நீங்களே எடுங்க. உங்க வாழ்க்கையை உங்க கண்ணால காட்டுங்க" என்று சொல்லி, போனையோ சின்னக் கேமராவையோ மக்கள் கையில் கொடுக்கிறது. பங்கேற்பு ஆய்வு, பங்கேற்பு வீடியோ, போட்டோவாய்ஸ் என்று இதற்குப் பல பெயர்கள் உண்டு.

நல்ல மாற்றந்தான். நம்மைப் பற்றி மற்றவர்கள் பேசிக்கொண்டிருந்த இடத்தில் நம்மையே பேசச் சொல்கிறார்கள். ஆனால் கேமரா கை மாறிவிட்டால் அதிகாரமும் கை மாறிவிடுமா? வாரத்துக்கு உழுதவர்களைக் கேட்டுப் பாருங்க. ஏர் நம்ம கையில்தான் இருந்தது, மாடும் நம்முடையதுதான். ஆனால் என்ன பயிர் வைப்பது, நெல் யார் களத்தில் அடிப்பது, யார் வீட்டுக் குதிருக்குப் போவது என்பதை நிலத்துக்காரர்தான் முடிவு செய்தார். படத்திலும் இதே கணக்குதான். என்ன கேள்விக்காகப் படம் எடுக்கிறோம், எடுத்ததில் எதை வெட்டுகிறோம், யாரிடம் அது இருக்கிறது, யார் முதலில் பார்க்கிறார்கள் என்ற நாலு இடங்களிலும் நமக்குச் சொல் இல்லையென்றால், பட்டனை மட்டும் நாம் அழுத்துகிறோம் என்று அர்த்தம்.

கோலமாவிலிருந்து கேமரா வரை

நம்மில் பலருக்குப் பங்கேற்பு ஆய்வு புதிதில்லை. 1990களில் ஊர் ஊராகத் தெருவில் உட்கார்ந்து, கோலமாவால் ஏரி, வாய்க்கால், கிணறு, வீடு எல்லாம் வரைந்தது நினைவிருக்கும். அந்த முறைக்குப் பின்னால் இருந்தவர்களில் முக்கியமானவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ராபர்ட் சேம்பர்ஸ். 1970களில் காஞ்சிபுரத்தை அடுத்த அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தில் நெல் விவசாயம் பற்றிய ஆய்வில் இருந்தவர் அவர். வெளியிலிருந்து வரும் அதிகாரியும் ஆய்வாளரும் தார்ச்சாலை ஓரத்து ஊரை மட்டுமே பார்க்கிறார்கள், மழை ஓய்ந்த மாதத்தில்தான் வருகிறார்கள், ஆண்களிடமும் வசதியானவர்களிடமும் மட்டுமே பேசிவிட்டுத் திரும்புகிறார்கள் என்று 1983ல் வெளியான தன் நூலில் எழுதினார். கையில் இருக்கும் குச்சியை ஊர்க்காரரிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கி நில்லுங்கள் என்பது அவர் வழியில் வந்தவர்கள் சொன்ன பாடம். அந்தக் குச்சி இன்றைக்குக் கேமராவாகியிருக்கிறது.

கேமராவின் கதையும் பழசுதான். கனடாவில் நியூஃபவுண்ட்லாந்து கரையோரம் ஃபோகோ என்று ஒரு தீவு. மீன்பிடித்துப் பிழைத்தவர்களை வேறிடத்துக்குக் குடிபெயர்க்கும் பேச்சு அரசிடம் இருந்தது. 1967ல் அந்நாட்டுத் தேசியத் திரைப்பட வாரியத்திலிருந்து காலின் லோ என்ற இயக்குநர் அங்கே போனார். மக்களைப் பேசவைத்துப் படம் எடுத்தார். எடுத்ததை முதலில் அந்த மக்களுக்கே போட்டுக் காட்டினார். வேண்டாம் என்று அவர்கள் சொன்னதை வெட்ட ஒப்புக்கொண்டார். அவர்கள் சம்மதித்த பிறகுதான் அது தலைநகரில் இருந்த அமைச்சர்களுக்குப் போனது. அமைச்சர் ஒருவர் கேமரா முன்னால் உட்கார்ந்து பதில் சொன்னார். அந்தப் பதிலும் தீவுக்குத் திரும்பி வந்தது. மக்கள் ஊரைவிட்டுப் போகவில்லை. கூட்டுறவுச் சங்கம் அமைத்து அங்கேயே இருந்துகொண்டார்கள்.

1984ல் ஆமதாபாத்தில் சேவா அமைப்பின் பெண்கள் வீடியோ கற்றுக்கொண்டார்கள். தெருவில் காய்கறி விற்றவர்களும் அதில் இருந்தார்கள். பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. 1990களின் தொடக்கத்தில் சீனாவின் யுன்னான் மாகாணத்தில் கரோலின் வாங், மேரி ஆன் பரிஸ் என்ற இருவர் கிராமத்துப் பெண்களிடம் கேமரா கொடுத்து, அவர்கள் எடுத்த படங்களை வைத்தே அவர்களைப் பேசவைத்தார்கள். போட்டோவாய்ஸ் என்ற பெயர் அங்கிருந்துதான் பரவியது.

இந்த மூன்றில் ஃபோகோவை நாம் தனியாகக் குறித்துக்கொள்ள வேணும். அங்கே கேமராவைப் பிடித்தவர் வெளியாள். ஆனாலும் மக்களுக்கு அதிகாரம் இருந்தது. ஏன்னா, முதலில் பார்க்கும் உரிமையும் வெட்டச் சொல்லும் உரிமையும் அவர்களிடம் இருந்தன. இன்றைக்கு நடக்கும் பல திட்டங்களில் இது தலைகீழாக இருக்கு. கேமரா நம்மிடம், மற்றதெல்லாம் அவர்களிடம்.

பஸ்தாபூர் பெண்கள் வைத்த பெயர்கள்

படத்தில் அதிகாரம் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை ஆய்வாளர்களைவிடத் தெளிவாகச் சொன்னவர்கள் தெலங்கானாவின் புன்செய்க் காட்டுப் பெண்கள். ஜாகீராபாத் பக்கம் பஸ்தாபூரில் 1983ல் தொடங்கியது தக்காண வளர்ச்சிக் கழகம். சிறுதானியத்தையும் பழைய விதைகளையும் மீட்ட வேலைக்காக நம் இயக்கத்தவர்களுக்கு அது அறிமுகமான பெயர். அங்கே ஊர் ஊராக இருக்கும் பெண்கள் சங்கங்களில் பெரும்பாலோர் தலித் பெண்கள், துண்டு நிலம் வைத்திருப்பவர்கள். கழகத்தை நடத்திய பி.வி. சதீஷ் முன்பு தூர்தர்ஷனில் நிகழ்ச்சி தயாரித்தவர். மேலே இருப்பவர்கள் பேச, ஊர் உட்கார்ந்து கேட்கும் தொலைக்காட்சி அது. அதைவிட்டு வந்த அவர், சங்கத்துப் பெண்களுக்கு வீடியோ கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். 2001ல் அந்தப் பெண்களுக்கென்றே சமுதாய ஊடக அறக்கட்டளை அமைந்தது.

களை வெட்டிக் காய்த்த கைகளில் கேமரா வந்ததும் அந்தப் பெண்கள் பாடப்புத்தகப் பெயர்களை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. கேமராவைக் கீழே வைத்து ஆளை அண்ணாந்து பார்த்து எடுத்தால் ஆள் பெரிசாத் தெரிவார். ஊர்ப் பண்ணையார் திண்ணையில் உட்கார்ந்திருக்க, கீழே தரையில் இருந்து அவரைப் பார்த்த பார்வை அது. அதற்குப் பட்டேல் ஷாட் என்று பெயர் வைத்தார்கள். மேலேயிருந்து குனிந்து எடுத்தால் ஆள் சிறுத்துப்போவார். பண்ணையார் இவர்களைப் பார்த்த பார்வை அது. அதற்கு அடிமை ஷாட் என்று பெயர். கண்ணுக்கு நேர் கண்ணாக வைத்து எடுத்தால்? சங்கக் கூட்டத்தில் எல்லாரும் வட்டமாகத் தரையில் உட்கார்ந்து ஒருத்தரை ஒருத்தர் பார்ப்பது போல இருக்கும். அது சங்கம் ஷாட். எங்க படமெல்லாம் சங்கம் ஷாட்டில்தான் இருக்கணும் என்று முடிவு செய்தார்கள்.

இந்தப் பாடத்தை நாம் நாளைக்கே சோதித்துப் பார்க்கலாம். குனிந்து நாற்று நடும் பெண்ணை வரப்பில் நின்றுகொண்டு எடுத்த படங்கள் நம் போனில் எத்தனை இருக்கு என்று எண்ணிப் பாருங்க. எல்லாமே அடிமை ஷாட்தான். அந்தப் பெண் நிமிரும்வரை காத்திருந்தாலோ, நாமும் சேற்றில் இறங்கி நின்றாலோதான் அது சங்கம் ஷாட்டாகும்.

பெயர் வைத்ததோடு அவர்கள் நிற்கவில்லை. 2002ல் பிடி பருத்திக்கு நம் நாட்டில் அனுமதி கிடைத்தது. அந்த ஆண்டே வாரங்கல் பக்கம் அதை விதைத்த விவசாயிகளை இந்தப் பெண்கள் தேடிப் போனார்கள். விதைப்பில் ஒருமுறை, காய்ப்பில் ஒருமுறை என்று பருவம் முழுக்க அதே விவசாயிகளிடம் திரும்பத் திரும்பப் போய்ப் பேசவைத்தார்கள். தொடக்கத்தில் முகத்தில் இருந்த நம்பிக்கையும் கடைசியில் இருந்த கோபமும் ஒரே படத்தில் பதிவாயின. வாரங்கல் விவசாயிகள் பிடி பருத்தி மீது ஏன் கோபமாக இருக்கிறார்கள் என்பதையே தலைப்பாக வைத்து 2003ல் அந்தப் படம் வெளியானது. பல மொழிகளுக்குப் போனது. ஒரு நாள் காரில் வந்து ஒரு பேட்டி எடுத்துப் போகிறவர்களால் இப்படி ஒரு படம் எடுக்க முடியாது. கேள்வி அவர்களுடையது, காலக்கணக்கும் அவர்களுடையது. பயிரின் காலக்கணக்கை ஆய்வின் காலக்கணக்காக வைத்ததால்தான் உண்மை கிடைத்தது.

தீர்ப்பு பிடிக்காதபோது

அதே வட்டாரத்தில் நடந்த இன்னொன்றையும் சொல்லணும். அன்றைய ஆந்திர அரசு "விஷன் 2020" என்று ஒரு திட்டம் வைத்திருந்தது. விவசாயத்தை நம்பியிருக்கும் மக்களின் பங்கை 70 சதவீதத்திலிருந்து 40 சதவீதமாகக் குறைப்பது அதில் ஒரு பகுதி. பிரிட்டன் அரசின் வெளிநாட்டு உதவித்துறை ஆந்திராவுக்குப் பெரிய அளவில் பணம் கொடுத்துவந்தது. நிலத்தைவிட்டுப் போகப்போகிறவர்களிடம் யாரும் கேட்கவில்லையே என்று, 2001 ஜூன் கடைசியில் மேதக் மாவட்டம் அல்கோல் கிராமத்தில் "பிரஜா தீர்ப்பு" என்ற பெயரில் மக்கள் நடுவர் மன்றம் கூடியது. நடுவர்கள் 19 பேர். பெரும்பாலும் சிறு, குறு விவசாயிகள், அதிலும் பெண்கள் அதிகம். விவசாயத்துக்கு மூன்று விதமான எதிர்காலங்களை வீடியோவாக அவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். பல தரப்புச் சாட்சிகளை அவர்கள் விசாரித்தார்கள். மரபணு மாற்றப் பயிரும், ஒப்பந்த விவசாயமும், ஆட்களை நிலத்திலிருந்து வெளியேற்றும் இயந்திரமயமும் வேண்டாம் என்றார்கள். விதையும் நிலமும் காடும் எங்க கட்டுப்பாட்டில் இருக்கணும் என்றார்கள்.

அறிக்கை 2002ல் லண்டனில் வெளியானதும் பிரிட்டன் உதவித்துறை ஆட்சேபம் தெரிவித்தது. நடுவர்கள் எல்லா விவசாயிகளுக்கும் பிரதிநிதிகள் அல்ல, ஆய்வு முறை சரியில்லை என்று வாதம் எழுந்தது. அறிக்கையை வெளியிட்ட இரண்டு பிரிட்டன் ஆய்வு நிறுவனங்களும் சிறிது காலம் அதைத் தங்கள் இணையதளத்திலிருந்து எடுத்துவிட்டன. பெரிய சர்ச்சையான பிறகுதான் திரும்ப வந்தது.

முறை பற்றிய கேள்விகள் கேட்கப்பட வேண்டியவையே. மூன்று எதிர்காலங்களைப் படமாக்கியதிலும் யாரோ சிலரின் தேர்வு இருந்திருக்கும். ஆனால் விஷன் 2020 எழுதப்பட்டபோது அதை எழுதியவர்கள் எத்தனை விவசாயிகளுக்குப் பிரதிநிதி என்று இவ்வளவு கறாராக யாரும் கேட்டதில்லை. மக்கள் "சரி" என்று சொல்லும்போது அது பங்கேற்பு. "வேண்டாம்" என்று சொல்லும்போது முறையில் கோளாறு. ஆகவே ஆய்வுக்குழு வந்தால் முதல் நாளே கேட்டுவிட வேணும்: எங்க பதில் உங்களுக்கும் உங்களுக்குப் பணம் கொடுப்பவருக்கும் பிடிக்காமல் போனால் என்ன செய்வீங்க? அப்போதும் அது வெளியே வருமா? எங்களிடம் ஒரு நகல் இருக்குமா?

தறி வீட்டில் ஒரு போட்டோவின் விலை

இனி காஞ்சிபுரத்துக்கு வருவோம். தறி வீட்டில் எடுத்த படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் எல்லாமே ஒரே படம்போலத்தான் இருக்கும். குழித்தறியில் ஒருவர், மேலே ஜக்கார்டு, முன்னால் மின்னும் ஜரிகை. கோர்வைச் சேலையில் உடம்பு ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் இழை இழையாகக் கோத்து நெய்ய மூன்று நாடா ஓட வேணும். நெய்பவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாடா தள்ள இன்னொரு ஆள் வேணும். அந்த இன்னொரு ஆள் பெரும்பாலும் வீட்டுப் பெண். படத்தின் ஓரத்தில் அவருடைய கை மட்டும் தெரியும், இல்லாவிட்டால் அதுவும் தெரியாது. தார் சுற்றியவர், விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போட்டவர்கள் எல்லாரும் சட்டத்துக்கு வெளியே நிற்கிறார்கள்.

சரி, கேமராவை அந்த வீட்டுப் பெண்ணிடமே கொடுத்தால்? அப்போதும் என்ன கேள்வி கேட்டுக் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் படம் வரும். "உங்க பாரம்பரியத்தைக் காட்டுங்கம்மா" என்றால் அவர் தறியையும் குத்துவிளக்கையும் எடுப்பார். "போன வாரம் வேலையை எது நிறுத்திச்சு?" என்று கேட்டால் வேறு படம் வரும். மழைநீர் தேங்கிய தறிக்குழி வரும். முதலாளியிடம் வாங்கிய முன்பணமும் கூலிக் கழிவும் எழுதிய நோட்டு வரும். எந்தக் கேள்வி என்பதை முன்கூட்டியே ஆய்வுக்குழு எழுதிக்கொண்டு வந்துவிட்டால், பாதிப் படம் ஊருக்குள் வருமுன்பே எடுத்தாகிவிட்டது.

அந்தக் கூலி நோட்டுப் படத்தில் வேறொரு ஆபத்தும் இருக்கு. அது ஒரு கண்காட்சியில் தொங்கினால், பார்ப்பவர்கள் "அடடா" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். காஞ்சிபுரத்தில் அதை முதலாளி பார்த்தால் அடுத்த பாவு கிடைக்காமல் போகலாம். தறிப் பக்கத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளை நின்றது படத்தில் விழுந்தால் வீட்டுக்கே வம்பு. ஆய்வாளருக்குக் கட்டுரை வரும், பட்டம் வரும். விளைவு மட்டும் தறி வீட்டில் தங்கிவிடும். "சம்மதம்" என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிவிட்டதால் இந்தக் கணக்கு நேராகிவிடாது. அந்தத் தாள் ஆங்கிலத்தில் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

பட்டுநூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது, ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது. காஞ்சிபுரத்து நெசவாளியின் சொந்த மூலதனம் கைத்திறனும் வடிவமும்தான். காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது பெயரைக் காக்கும். ஒரு குறிப்பிட்ட கரை வடிவத்தையோ முந்தி வடிவத்தையோ காக்காது. அதற்கு 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டப்படி தனியாகப் பதிய வேணும். அந்தச் சட்டத்தில் ஒரு கண்ணி இருக்கு. பதிவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே வடிவம் பொதுவெளியில் வந்துவிட்டால், அது புதியது இல்லை என்று ஆகிவிடும், பதிய முடியாது. தறியில் பாதி நெய்த புது வடிவத்தை ஒரு மாணவர் நல்ல எண்ணத்தோடு படம் எடுத்து இணையத்தில் போட்டால் போதும், அந்த உரிமை போய்விடும். படத்தைப் பார்த்து விசைத்தறியில் அதே வடிவத்தை ஓட்டுவதற்கு அதிக நாள் ஆகாது.

படம் யாருக்குச் சொந்தம் என்பதையும் தெரிந்துகொள்வோம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, பொதுவாகப் புகைப்படத்தை எடுத்தவரே அதன் ஆசிரியர். அதாவது திட்டத்தில் சேர்ந்து நீங்க எடுத்த போட்டோ உங்களுடையது. ஆனால் காசு கொடுத்து ஒருவர் எடுக்கச் சொல்லியிருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், அது அவருக்குப் போகும். வீடியோப் படம் என்றால் தயாரிப்பாளர்தான் ஆசிரியர். பங்கேற்பாளருக்கு ஊக்கத்தொகை கொடுத்துக் கையெழுத்து வாங்கும்போது எதை எழுதிக் கொடுக்கிறோம் என்று படித்துப் பார்க்க வேணும். 2023ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் காப்பாற்றும் என்று முழுசாக நம்பியிருக்கவும் முடியாது. ஆராய்ச்சிக்கென்று அதில் விதிவிலக்கு வைத்திருக்கிறார்கள். ஆகவே சட்டத்துக்கு முன்னால் சங்கத்தின் தீர்மானம்தான் வேலி.

மேலேயிருந்து பார்க்கும் கண்

பஸ்தாபூர் பெண்கள் சொன்ன அடிமை ஷாட்டின் உச்சம் வானத்திலிருந்து எடுக்கும் படம். காஞ்சிபுரம் மாவட்டத்து உழவர்களுக்கு இது ஏட்டுக் கதையில்லை. 2022 ஆகஸ்டில் சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்குப் பரந்தூர் அறிவிக்கப்பட்டது. ஏகனாபுரம் உள்ளிட்ட 13 கிராமங்களின் நிலம் அதில் வருகிறது. மக்கள் போராடினார்கள், கிராமசபையில் எதிர்த்துத் தீர்மானம் போட்டார்கள். திட்ட வரைபடத்தில் ஒரு நஞ்சை நிலம் ஒரு நிறக்கட்டம்தான். ஏரி என்பது ஒரு நீலத் திட்டு. எந்த மடையைத் திறந்தால் யார் வயலுக்குத் தண்ணி போகும், எந்தக் களத்தில் நெல் காயும், எந்த வாய்க்கால் கரையில் மாடு மேயும் என்பது மேலேயிருந்து தெரியாது.

மேலேயிருந்து எடுப்பது எப்போதும் கெடுதல் என்று சொல்ல வரவில்லை. ஏரி ஆக்கிரமிப்பைக் காட்ட செயற்கைக்கோள் படம் நமக்கே உதவும். யார் கேள்விக்காக அந்தப் படம் எடுக்கப்படுகிறது என்பதைத்தான் பார்க்கணும். இதற்குப் பதிலாக ஊர்மக்களே மடை மடையாக நடந்து, ஒவ்வொரு மடையின் பெயரையும் பாயும் நிலத்தையும் சொல்லி வீடியோ எடுத்து வைத்தால், அது பங்கேற்பு ஆய்வுதான். பக்கத்திலேயே உத்திரமேரூரில் பத்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஏரி வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் முறையைச் சொல்கிறது. தன் ஏரிக்குத் தானே கணக்கு வைக்கும் ஊர் நமக்குப் புதிதில்லை. அந்தக் கல்வெட்டிலும் சொத்து உள்ளவருக்குத்தான் இடம் இருந்தது என்பதையும் சேர்த்தே நினைக்க வேணும்.

நம்ம வீட்டுக்குள்ளே

வெளியாள் - ஊர்க்காரர் என்று பிரித்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. ஊருக்குள் கேமரா வந்ததும் அது யார் கைக்குப் போகிறது? நல்ல போன் வைத்திருப்பவர், ரெண்டு வார்த்தை ஆங்கிலம் பேசுபவர், சங்கச் செயலாளர். பெரும்பாலும் ஆண், பெரும்பாலும் நிலமுள்ளவர். காலனித் தெருவுக்குக் கேமரா கடைசியில்தான் போகும், போகாமலும் இருக்கும்.

இயற்கை வேளாண்மை வீடியோக்களைப் பாருங்க. "நான் பத்து வருஷமா ரசாயனம் போடல" என்று நிலத்துக்காரர் பேசுகிறார். பின்னால் நாலு பெண்கள் குனிந்து களை எடுக்கிறார்கள். களைக்கொல்லி அடிக்காத நிலத்தில் களை எடுப்பவர்களின் உழைப்புதான் அந்தப் பத்து வருஷம். அவர்கள் பெயரும் வராது, கூலியும் பேச்சில் வராது. விதையைச் சாம்பலில் புரட்டிக் குதிரில் எடுத்து வைத்த பாட்டிக்குத் தெரிந்ததை, அவருடைய மகன் மைக்கில் சொல்கிறார். வெளியாளின் கேமராவிடம் நாம் கேட்கும் அத்தனை கேள்வியையும் அந்தப் பெண்கள் நம்மிடம் கேட்க உரிமை உண்டு.

சங்கம் என்ன செய்யலாம்?

ஆய்வுக்குழுவோ படக்குழுவோ வந்தால் விரட்ட வேண்டியதில்லை. நல்ல மாணவர்கள், மனசுள்ள ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். இப்படிக் கேட்டால் அவர்கள் சந்தோஷப்படுவார்கள். கீழே உள்ளதைக் கூட்டத்தில் படித்து, வேண்டியதைச் சேர்த்துத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்க.

1. கேள்வி: ஆய்வின் கேள்வியை ஊர்க் கூட்டத்தில் வைத்துப் பேச வேணும். அதை மாற்ற ஊருக்கு உரிமை வேணும். ஊர் சேர்க்கும் ஒரு கேள்வியாவது ஆய்வில் இருக்க வேணும்.

2. காலம்: ஒரு நாள் படம் வேண்டாம். பயிர் என்றால் ஒரு பருவம், தறி என்றால் ஒரு சேலை முடிந்து கூலி கைக்கு வரும்வரை.

3. கை: கேமரா பிடிப்பவர்களில் பாதிப் பேராவது பெண்கள். நிலமில்லாதவர்களும் கூலி நெசவாளர்களும் கட்டாயம் இருக்கணும். அவர்கள் இழக்கும் நாள் கூலியைத் திட்டம் கொடுக்கணும்.

4. முதல் காட்சி: வெளியே எங்கும் போகும் முன் அதே தெருவில் திரைகட்டிக் காட்ட வேணும். படத்தில் இருப்பவர் "இது வேண்டாம்" என்றால் வெட்ட வேணும். காரணம் கேட்கக் கூடாது.

5. எடிட்டிங்: வெட்டி ஒட்டும்போது ஊர்க்காரர் இருவராவது கூட உட்கார வேணும். முடிந்தால் அதைக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போக வேணும்.

6. சம்மதம்: தமிழில், வாய்விட்டுப் படித்துக் காட்டிய பிறகு. படம் எடுக்க ஒரு சம்மதம், வெளியிட இன்னொரு சம்மதம். பின்னால் மனம் மாறினால் திரும்பப் பெறும் வழி இருக்க வேணும். இணையத்தில் ஒருமுறை போனதை முழுசாக மீட்க முடியாது என்பதையும் முன்பே சொல்ல வேணும்.

7. மறைக்க வேண்டியவை: கூலி நோட்டு, கடன் சீட்டு, பிள்ளைகள் முகம், பதியாத புது வடிவம், மூலிகை இருக்கும் இடம். இவற்றின் பட்டியலை ஊர் முடிவு செய்யும்.

8. நகல்: எடுத்த எல்லாப் படமும், வெட்டாத வீடியோவும், வெளிவந்த அறிக்கையும் ஒரு ஹார்டு டிஸ்கில் சங்கத்திடம் இருக்க வேணும். அறிக்கையின் சுருக்கம் தமிழில் வேணும். எடுத்தவர் பெயர் படத்தின் கீழே வர வேணும், அவர் விரும்பினால் மட்டும்.

9. பிடிக்காத பதில்: மக்கள் சொன்னது பணம் கொடுத்தவருக்குப் பிடிக்காவிட்டாலும் வெளியிடப்படும் என்று எழுத்தில் வாங்க வேணும்.

ஒன்பதையும் ஒத்துக்கொள்ளும் குழு கிடைப்பது கஷ்டம். நாலைந்து கிடைத்தாலும் முன்னேற்றமே. முதல் காட்சியும் நகலும் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாதவை. இந்த இரண்டும் இல்லையென்றால் "இந்தத் தடவை வேண்டாங்க" என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிடலாம்.

யாரும் திட்டம் கொண்டுவரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. சங்கத்தில் இருக்கும் ஒரு போனை ஒரு வாரத்துக்குக் களை எடுக்கும் பெண்கள் குழுவிடம் கொடுங்க. கேள்வியை அவர்களே வைக்கட்டும். தறித் தெருவில் என்றால், நாடா தள்ளுபவரிடமும் தார் சுற்றுபவரிடமும் கொடுங்க. வாரக் கடைசியில் அவர்கள் தெருவிலேயே எல்லாரும் தரையில் உட்கார்ந்து பாருங்க. எடுத்தவர் பேசி முடிக்கும்வரை நிலத்துக்காரரும் செயலாளரும் வாய் திறக்கக் கூடாது. அது ஒன்றுதான் விதி. அன்றைக்கு வரும் படங்களில் நம்மைப் பற்றி என்ன இருக்கிறதோ, அதை அடுத்த சங்கக் கூட்டத்தின் முதல் பேசுபொருளாக வையுங்க.